கடலுக்கு மேலே ஓர் எள்

மணலுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஒரு மந்திரி சட்டசபையில் பேசினார். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். அடுத்த கூட்டத்தொடரிலேயே படிவு நிலச் சட்டம் வந்துவிட்டது.

மந்திரி சொன்னதில் தப்பில்லை. பட்டா, பத்திரம், ஓலைச்சுவடி, செப்பேடு எதையும் அரை மணி நேரத்தில் பழையதாகத் தயாரித்துக் கொடுக்கும் கடைகள் தெருவுக்குத் தெரு வந்துவிட்ட காலம் அது. ஒரே வயலுக்கு ஏழு பேர் ஏழு சோழர்காலத்துச் செப்பேட்டோடு வந்து நின்றார்கள். நீதிமன்றங்கள் காகிதத்தை நம்புவதை விட்டுவிட்டன. மிச்சமிருந்த ஒரே சாட்சி மண்.

சட்டம் சின்னது. தண்ணீர் கொண்டுவந்து சேர்த்த நிலத்துக்கு இருநூறு வயது ஆகியிருந்தால் அது குடியிருப்பவர்களுடையது. ஆகவில்லை என்றால் அரசாங்கத்துடையது. வயதைச் சொல்லும் பெட்டி மாவட்டத்துக்கு ஒன்று வந்தது. சிதம்பரம் புறவழிச்சாலை ஆய்வுக்கூடத்தில் இருந்த பெட்டிக்கு மண்ணை ஊட்டும் வேலை தையல்நாயகிக்கு.

உத்தியோகப் பெயர், தொழில்நுட்ப உதவியாளர் நிலை இரண்டு. நிலை ஒன்றுக்குப் போக முனைவர் பட்டம் வேண்டும். தையல் அதை நாலாவது வருடத்தில் விட்டவள். மணற்பாறையில் சிக்கியிருக்கும் சிர்க்கான் என்ற கனிமத் துகள்களை வைத்துப் பாறைக்கு வயது கணிப்பது அவள் ஆராய்ச்சி. குடும்பப் படத்தில் கைக்குழந்தை இருந்தால், படம் அந்தக் குழந்தை பிறந்த பிறகுதான் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். பாறையும் அப்படித்தான். உள்ளே இருக்கும், வயதில் ஆகச் சின்னத் துகளைவிடப் பாறை மூத்ததாக இருக்க முடியாது. அவளுக்குக் கிடைத்த மூன்று சின்னத் துகள்கள், அவளுடைய பேராசிரியர் எழுதிப் புகழ்பெற்றிருந்த வயதிலிருந்து இரண்டு கோடி வருடத்தைக் குறைத்தன. அந்த மூன்றையும் தூக்கிப் போடு, சராசரியைக் கொடு என்றார் அவர். அவள் பட்டத்தைத் தூக்கிப் போட்டாள். அதைப் பற்றி அவளுக்குப் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. சம்பளம் மட்டும் குறைவு.

பெட்டி இருந்த அறையில் எப்போதும் சிவப்பு விளக்குதான். பகலும் இரவும் அங்கே ஒன்றுதான். வெள்ளை வெளிச்சம் ஒரு நொடி பட்டாலும் மண் கெட்டுவிடும். அந்த அறையிலிருந்து தையல் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்த ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை, வரவேற்பறையில் ஒரு பெண் நின்று கத்திக்கொண்டிருந்தாள். ரப்பர் பூட்ஸ், முழங்கால் வரை தூக்கிச் செருகிய சேலை, படகு எஞ்சின் எண்ணெய் வாடை.

"மண்ணுக்கு ஜாதகம் எழுதுற ஆளு யாரு இங்க?"

"நான்தான். நீங்க?"

"அஞ்சலாட்சி. ஒதியந்திட்டு வார்டு மெம்பரு. நீதானா, எங்க ஊருக்கு நாப்பத்தெட்டு வயசுன்னு எழுதுன புண்ணியவதி?"

"கையெழுத்து இயக்குநரோடது. பெட்டியில மண்ண வச்சது நான்."

"எனக்கும் நாப்பத்தெட்டு வயசுதான். நானும் எங்க ஊரும் ரெட்டப் புள்ளையா? எங்கம்மா சொல்லவே இல்லயே!"

வரவேற்பறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தையல் சிரிக்கவில்லை. ஒதியந்திட்டு அவளுக்கு ஞாபகம் இருந்தது. கொள்ளிடம் கடலில் விழும் இடத்தில் ஒரு தீவு. அறுபத்திரண்டு குடும்பம். அந்த இடத்தில் சரக்குத் துறைமுகம் வரப்போகிறது. சித்திரை பிறப்பதற்குள் காலி செய்ய வேண்டும். விருத்தாசலம் பக்கம் பதினாலு மாடிக் குடியிருப்பில் ஆளுக்கு ஒரு வீடு. அங்கே ஏற்கெனவே போன மற்றத் திட்டுக்காரர்கள் லிஃப்டுக்கு முன்னால் வரிசையில் நிற்பதை அவள் பார்த்திருக்கிறாள். படகு ஓட்டியவர்களுக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை.

"எங்க வக்கீலு முன்னூறு வருஷம்னு மனு போட்டிருக்காரு. காலங்காலமா கெடக்குற பூமி. நீ எப்புடி நாப்பத்தெட்டுங்கிற?"

"மணலுக்குப் பொறந்த வயசப் பாக்கல அக்கா. அது பொறந்து கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு. கடைசியா எப்ப வெயில்ல கெடந்துச்சுன்னு பாக்குறோம். இருட்டுல பொதைஞ்ச துகளு, சுத்தியிருக்கிற மண்ணுலேருந்து வர்ற கதிர்வீச்சக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள சேத்து வச்சுக்கும். வெயில் பட்டா மொத்தமும் போயிடும். மறுபடி பொதைஞ்சா மறுபடி முதல்லேருந்து சேக்கும். இங்க பெட்டிக்குள்ள வெளிச்சத்த அடிச்சா சேத்ததெல்லாம் கொட்டிடும். எவ்வளவு கொட்டுதோ அத்தன வருஷம்."

அஞ்சலாட்சி பட்டென்று பிடித்துக்கொண்டாள். "எங்க நாத்தனா கோவம் மாரி. சேத்துச் சேத்து வச்சு ஒரு நாளைக்கு மொத்தமா கொட்டுவா."

"அதேதான்."

"இன்னொரு தடவ பாக்கலாமாம். சட்டத்துல இருக்காம். பதினெட்டு நாள் கெடு." அவள் மறுபரிசோதனை மனுவை நீட்டினாள். ஈரத்தில் ஊறிக் காய்ந்த காகிதம். "இந்த தடவ வயசு கூட வரும்னு சொல்லு."

"தெரியாது."

"வாய்க்கு ஒரு வார்த்த சொல்லேன் பாப்பா. நாக்கு வெந்தா போயிடும்?"

"சொன்னா பொய்யாயிடும்."

"நல்ல ஆளப் புடிச்சேன் போ" என்று அஞ்சலாட்சி பூட்ஸ் சத்தத்தோடு இறங்கிப் போனாள்.

*

வழக்கமான முறை எளிது. மூன்று மீட்டர் நீளமுள்ள கருப்புக் குழாயில் எடுத்து வந்த மண்ணின் மேல்பகுதியில் பன்னிரண்டு இடத்தில் ஒரு சிட்டிகை. எல்லாவற்றையும் கலந்து கழுவி, நாற்பது துகளைப் பெட்டியில் வைத்தால் ஒரு சராசரி வரும். அரை நாள் வேலை. முதல் அறிக்கை அப்படித்தான் வந்தது. தையலுக்குச் சராசரி மேல் பழைய பகை உண்டு. இந்த முறை அவள் குழாயை நீளவாக்கில் பிளந்து, இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு சீவலாக அறுத்தாள். மேலிருந்து ஒரு மீட்டர் இருபது வரைக்கும் அறுநூறு சீவல். ஒவ்வொன்றையும் தனியாக ஊட்டினாள். பத்து நாள் ஆயிற்று. சாப்பாடு வாசலிலேயே ஆறிப்போனது.

மூத்த துகள் ஒன்றாவது வரும் என்றுதான் அவள் தேடினாள். வரவில்லை. ஒரு மீட்டர் இருபதுக்குக் கீழே சுத்தமான ஆற்று மணல், நூற்றறுபது வயது. அதுவும் இருநூறைத் தொடவில்லை. மேலே இருந்தது அதைவிடச் சின்னது. ஆனால் அந்தச் சின்னது அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது.

ஆறு மண்ணைப் போடுகிற விதம் அவளுக்குத் தெரியும். வெள்ளம் வந்தால் ஒரே நாளில் ஒரு சாண் போடும். பிறகு ஐந்து வருடம் எதுவும் போடாது. கலங்கல் தண்ணீரில் வெயில் இறங்காது என்பதால் துகள்களின் பழைய கணக்கு சரியாக அழியாது. ஒரே அடுக்கில் நூறு வயதும் முப்பது வயதும் கலந்து கிடக்கும். இங்கே அப்படி ஒரு கலப்பும் இல்லை. 1978 முதல் போன வருடம் வரை நூற்றொன்பது அடுக்கு. வருடத்துக்கு ஒன்று. ஓர் அடுக்கில் இருக்கிற எல்லாத் துகளுக்கும் ஒரே வயது. கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்தது போல.

கொள்ளிடத்துக்குத் தண்ணீர் விடும் மேலணையின் திறப்புப் பதிவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. 2052 முதல் நான்கு வருடம் கொள்ளிடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அந்த நான்கு வருடத்துக்கும் நான்கு அடுக்கு இருந்தது. பிறகு ஏதோ தோன்றி, கடல்மட்டப் பதிவை எடுத்து வைத்தாள்.

இரண்டு கோடும் ஒன்றாக ஏறின. கடல் வருடத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் ஏறியபோது மண் ஏழு ஏறியிருந்தது. கடல் பன்னிரண்டு ஏறியபோது மண் பதினாலு. நூற்றொன்பது வருடமாக அந்த மண், கடல் எவ்வளவு ஏறுகிறதோ அதற்கு மேல் இரண்டு மில்லிமீட்டர், அவ்வளவுதான், ஏறிக்கொண்டே வந்திருந்தது.

இயக்குநர் வேங்கடவரதனிடம் கோட்டைக் காட்டினாள். கெட்ட மனிதர் இல்லை அவர். மேசையில் நானூறு கோப்பு இருந்தது. ஒவ்வொன்றும் சீக்கிரம் முடிந்தால் நல்லது என்று நினைப்பவர்.

"சராசரி எவ்வளவும்மா?"

"நாப்பத்தெட்டு சார். ஆனா..."

"முதல் அறிக்கையிலயும் அதே நாப்பத்தெட்டு. முடிஞ்சுது. அனுப்பு."

"ஆறு கடலப் பாத்துப் பாத்து வேல செய்யாது சார். யாரோ அளந்து போட்டிருக்காங்க. ஊர்க்காரங்கதான்."

"போட்டிருக்கட்டும்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இருநூறுக்கு மேலயா, கீழயா? அது ஒண்ணுதான் கேள்வி. நீ பத்து நாள் உக்காந்து, அந்த நெலம் சின்னதுன்னு இன்னும் பலமா நிரூபிச்சிருக்க. அந்தச் சனங்களுக்கு நீ செஞ்ச உபகாரம் இது. புரியுதா?"

அவளுக்குப் புரிந்தது. தாளை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

மத்தியானம் அவள் ஒரு காரியம் செய்தாள். ஆறு வருடமாக எந்தச் சட்டத்துக்கு மண் ஊட்டிக்கொண்டிருக்கிறாளோ, அந்தச் சட்டத்தை முதல்முறையாக முழுசாகப் படித்தாள். பதினாலு பக்கம். பதினோராம் பிரிவில் நான்கு வரி. மனித உழைப்பால் திட்டமிட்டு உயர்த்தப்பட்ட நிலத்துக்கு வயது வரம்பு கிடையாது. அதை உருவாக்கியவருக்கே அது உரிமை. சென்னைப் பக்கம் கடலைத் தூர்த்து மாடமாளிகை கட்டிய பெரிய கம்பெனிகளுக்காக நுழைத்த பிரிவு. வேறு யாரும் அதைப் படிக்க நேர்ந்ததில்லை. யாருக்காக எழுதினார்களோ அவர்களுக்கு அது மனப்பாடம்.

கீழே ஒரு நிபந்தனையும் இருந்தது. உருவாக்கியவர், தாம்தான் உருவாக்கினோம் என்று அதிகாரி முன் சொல்ல வேண்டும்.

*

மறுநாள் அஞ்சலாட்சியின் படகில் அவள் திட்டுக்குப் போனாள். படகை ஓட்டியது கலியன் என்கிற வயதான ஆள். வாயில் வெற்றிலை, பேச்சு குறைவு.

"அக்கா, வருஷா வருஷம் திட்டுல மண்ணு போடுறீங்களா?"

அஞ்சலாட்சி தண்ணீரைப் பார்த்தாள். "யாரு? நாங்களா? நாங்க எதுக்குப் போடப்போறம்?"

"மண்ணு போட்டிருக்கு."

"ஆண்டவன் போட்டிருப்பான். ஆறு போட்டிருக்கும். காலங்காலமா கெடக்குற பூமி."

இது வக்கீலின் பாடம் என்று தையலுக்குத் தெரிந்தது. மண் போட்டதை வெளியே மூச்சு விடாதீர்கள், புதுமண் என்றால் வயது போய்விடும், திட்டும் போய்விடும் என்று அவர் பயமுறுத்தியிருக்க வேண்டும். அறுபத்திரண்டு குடும்பமும் தங்களைக் காப்பாற்றக்கூடிய ஒரே உண்மையை வாய்க்குள் போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தது. தையல் பிரிவு பதினொன்றை விளக்கினாள். அஞ்சலாட்சி தலையாட்டினாள். மறுபடி ஆண்டவன் என்றாள்.

"சட்டம்னு சொல்லி வாயப் புடுங்கப் பாக்குறியா? போன தடவ ஒரு ஆபீசரு, உங்க நல்லதுக்குத்தான்னு கைரேகை வாங்கிட்டுப் போனாரு. அதுக்கப்புறந்தான் நோட்டீசு வந்துச்சு."

 தையல் கோடு வரைந்த தாளை மடியில் விரித்துவைத்துச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்.

"நல்லாத்தான் போட்டிருக்காங்க. 2061ல மட்டும் சோம்பேறித்தனம். கடல் பத்து ஏறியிருக்கு, மண்ணு ஆறுதான் ஏறியிருக்கு. தண்ணி உள்ள வந்திருக்கும் அந்த வருஷம்."

"என்னாது?" அஞ்சலாட்சி வெடுக்கென்று திரும்பினாள். "யாரு சோம்பேறி? எங்க எடுத்த மண்ணு அது?"

"மேற்கால, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால."

"மேலத்தெரு! சொல்லல? அவனுவ எப்பயும் அப்புடித்தான். நாங்க கீழத்தெருவுல கூட கூடயா அள்ளிக் கொட்டுவம், அவனுவ நாலு கூட போட்டுட்டு நெழல்ல உக்காந்துருவானுவ. அந்த வருஷம்..."

"பொய் சொல்லாத" என்றார் கலியன். துடுப்பை நிறுத்தி, வெற்றிலையைத் துப்பினார். "அந்த வருஷம் ஓங் கல்யாணம். ஓம் புருசன் மேலத்தெரு. மூணு நாளு விருந்து. தெருவே குடிச்சுட்டுக் கெடந்துச்சு. அடுத்த வருஷம் ரெட்டிப்பா போட்டாங்க. அதச் சொல்லு."

படகு தானாகக் கொஞ்ச தூரம் போயிற்று. அஞ்சலாட்சி தையலைப் பார்த்தாள். தையல் தாளைத் திருப்பிக் காட்டினாள். 2062இல் கோடு மேலே துள்ளியிருந்தது.

"பெட்டி இதக் கூடவா சொல்லும்?" என்றாள் அஞ்சலாட்சி. குரல் இறங்கிவிட்டது. "சரி. நாங்கதான் போடுறம்."

1977ஆம் வருடத்துப் புயலில் திட்டுக்குள் கடல் புகுந்து போனது என்று அஞ்சலாட்சி தொடங்கினாள். அடுத்த வருடம் திட்டை ஒட்டி ஓடும் உப்பனாற்றங்கரையில் ஒரு கருங்கல்லை நட்டார்கள். வருடா வருடம் ஐப்பசி அமாவாசைக்குக் கடல் பொங்கும் ஓதம் ஏறி எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே உளியால் ஒரு கோடு. பங்குனியில் உப்பனாறு வற்றியதும் வீட்டுக்கு நாற்பது கூடை சேறு எடுத்து, தோசை மாவு மாதிரி மெலிசாக இழுத்துவிட்டு, வெயிலில் காயவைத்து, கட்டி உடைத்து, மறுபடி இழுத்துவிட்டுக் கயிறு பிடித்து மட்டம் பார்ப்பார்கள்.

"எவ்வளவு உசரம் போடணும்னு யாரு சொல்லுவா?"

"யாரு சொல்லணும்? கல்லுல கோடு எவ்வளவு ஏறியிருக்கோ அவ்வளவு. அதுக்கு மேல ஒரு எள்ளு."

"எள்ளா?"

"எள்ளு தெரியாதா பாப்பா? கடலு ஏறுனதுக்கு மேல ஒரு எள்ளு ஒசரம் இருந்தாப் போதும். ரொம்பப் போட்டா இடுப்பு ஒடைஞ்சிரும். கொறைச்சுப் போட்டா ஊரு போயிடும்."

தையல் தாளைப் பார்த்தாள். இரண்டு மில்லிமீட்டர். பத்து நாளாக அந்த எண்ணுக்கு ஒரு சூத்திரம் தேடிக்கொண்டிருந்தாள் அவள்.

*

விசாரணை தாலுகா அலுவலகக் கூடத்தில். நிலத் தீர்வு அதிகாரி ருக்மாங்கதன் வேகமாகப் படிப்பவர், மெதுவாகப் பேசுபவர். ஒரு பக்கம் இயக்குநர், அரசுத் தரப்பு. இன்னொரு பக்கம் அஞ்சலாட்சி, ஜன்னல்களில் பாதி ஒதியந்திட்டு. திட்டின் வக்கீல் அன்று காலையில்தான் விஷயத்தைக் கேள்விப்பட்டுக் கோபித்துக்கொண்டு போய்விட்டார். தையல் நடுவில் நின்றாள். அறிக்கையை இயக்குநர் கையெழுத்து இல்லாமல் அவளே கொடுத்திருந்தாள். அதற்கு வேலை போகும் என்று அவர் முந்தின நாளே சொல்லிவிட்டார். அவள் சரி என்றிருந்தாள்.

"இவங்க முனைவர் பட்டம் முடிக்காதவங்க" என்றார் இயக்குநர்.

"எதுலம்மா விட்டீங்க?" என்றார் அதிகாரி.

"மணற்பாறையில சார்."

"இது பாறை இல்லையே. மேல சொல்லுங்க."

அவள் சொன்னாள். நூற்றொன்பது அடுக்கு. தண்ணீர் வராத வருடத்திலும் வந்த மண். வெயிலில் காய்ந்த துகள். கடலோடு ஏறிய கோடு. அதிகாரி தாளைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"ஆக, நிலம் சின்னதுதான்னு ஒத்துக்குறீங்க" என்றார் இயக்குநர்.

"ஆமா சார். சின்னதுதான். போன வருஷம் போட்டதுக்கு ஒரு வயசுகூட ஆகல."

ஜன்னலில் ஒரு முனகல் எழுந்தது.

அதிகாரி தாளை மேசையில் வைத்து, அதன் மேல் இரண்டு உள்ளங்கையையும் பரப்பி மறைத்தார். "மெம்பரம்மா, வாங்க. மண்ணு போட்டது நீங்கதான்னா, எந்தெந்த வருஷம் கொறைச்சுப் போட்டீங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். சொல்லுங்க. 2061 வேண்டாம், அது இவங்க அறிக்கையிலேயே இருக்கு. வேற?"

 இதைத் தையல் எதிர்பார்க்கவில்லை. கோட்டில் இன்னொரு பள்ளம் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அஞ்சலாட்சிக்குப் படிக்கிற பழக்கம் இல்லை. ஊரில் எழுதிவைத்த கணக்கும் கிடையாது.

"ஊரடங்கு வருஷம்" என்றாள் அஞ்சலாட்சி உடனே. "எங்கப்பா சொல்லும். நோவு வந்துச்சுல்ல, யாரும் வெளிய வரக்கூடாதுன்னு போலீசு படகுல வந்து அடிச்சுதாம். ராவுல திருட்டுத்தனமா பாதிதான் போட்டாங்களாம். அத அடுத்த ரெண்டு வருஷத்துல சரிக்கட்டுனாங்க."

அதிகாரி ஒரு கையை எடுத்துப் பார்த்தார். 2020. பள்ளம். அதற்கு அடுத்த இரண்டு வருடமும் மேடு.

"வேற?"

"மொதல வருஷம்."

"என்ன வருஷம்?"

"மொதல சார். எனக்கு அஞ்சு வயசு. உப்பனாத்துல ஒரு மொதல வந்து படுத்துக்கிட்டு நகர மாட்டேன்னுடுச்சு. மூணு நாளா ரெண்டு தெருவுலயும் ஒருத்தரும் எறங்கல. எங்கம்மா மட்டும் கரையிலயே நின்னு எட்டு கூட அள்ளுச்சு. எழுதிக்குங்க, எட்டு."

அவள் பிறந்தது 2039இல். அதிகாரி இன்னொரு கையை எடுத்து 2044க்கு விரலை நகர்த்தினார். ரொம்பச் சின்னதாக ஒரு சரிவு. தையல் அதைப் பார்த்திருந்தாள். பெட்டியின் பிழை என்று தள்ளிவைத்திருந்தாள். இப்போது கூட்டத்துக்கு நடுவில் அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போல் இருந்தது. ஒரு முதலை. சிவப்பு விளக்கு அறையில் பத்து நாள் உட்கார்ந்து, ஒரு முதலையை அளந்திருக்கிறாள்.

இயக்குநர் எழுந்தார். நேர்மையான கேள்விதான் கேட்டார். "எல்லாம் சரி. அடியில இருக்கிறது ஆத்து மணல். நூத்தறுபது வருஷம். அது சட்டப்படி அரசாங்கத்தோடது. அடுத்தவன் மனையில மண்ணு கொட்டிட்டா மனை உங்களோடதா ஆயிடுமா?"

 அதிகாரி தையலைப் பார்த்தார். தையல் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலாட்சி கேட்டாள்.

"பாப்பா, அந்த மணலு இப்ப எங்க இருக்கு?"

"ஓதம் ஏறினா முக்கால் மீட்டர் தண்ணிக்குக் கீழ."

"எடுத்துக்கட்டும்" என்றாள் அஞ்சலாட்சி இயக்குநரைப் பார்த்து. "எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல சார். தொடையளவு தண்ணியில கெடக்கு. நல்லா சம்மணம் போட்டு உக்காந்து, மூச்சப் புடிச்சுக்கிட்டுத் தொறைமுகம் கட்டுங்க. தண்ணிக்கு மேல இருக்குறது எங்களுது."

ஜன்னல்கள் ஆரவாரித்தன. யாரோ விசிலடித்தார்கள். கலியன் வெற்றிலையை விழுங்கிவிட்டு இருமினார். இயக்குநர் உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிட, ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டதன் எரிச்சல்தான் தெரிந்தது.

அதிகாரி வெகு நேரம் எழுதினார். படித்துக் காட்டினார். பிரிவு பதினொன்று பொருந்தும். நிலம் தண்ணீர் சேர்த்ததல்ல; மனித உழைப்பால் திட்டமிட்டு உயர்த்தப்பட்டது. அரசுக்கு அதில் உரிமை இல்லை. காலி செய்யும் உத்தரவு ரத்து. அறுபத்திரண்டு குடும்பத்தில் ஒருவர் கூட அழவில்லை. வெளியே யாரோ ஏற்கெனவே தவிலுக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள்.

"இருங்க, போயிடாதீங்க. படிவம் இருக்கு." அதிகாரி ஒரு தாளை இழுத்தார். கம்பெனிகளுக்காக அச்சடித்த படிவம். "நிறுவனத்தின் பெயர்?"

"என்ன நிறுவனம்?"

"நிலத்த உருவாக்குன நிறுவனம்மா."

அஞ்சலாட்சி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். "ஒதியந்திட்டுன்னு போடுங்க."

"பயன்படுத்திய இயந்திரங்கள்?"

"கூட. மம்பட்டி."

எழுதினார். "பணி தொடங்கிய நாள், 1978, பங்குனி." அதையும் எழுதினார். "பணி முடிந்த நாள்?"

அஞ்சலாட்சி விழித்தாள். "எது முடிஞ்ச நாளு?"

"வேலை என்னிக்கு முடிஞ்சுது? அந்தத் தேதியில இருக்கிற எல்லைய வச்சுத்தான் பட்டா."

"அது எப்புடி சார் முடியும்? கடலு நின்னுடுச்சா?" அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "வர்ற பங்குனிக்குப் போடணும். இந்த வருஷம் கெழக்கால புதுசா பத்து குழி நெலம் சேத்துக்கலாம்னு பேசி வச்சிருக்கம், அங்க தண்ணி ஆழமில்ல. முடியலன்னு எழுதுங்க."

பேனா காகிதத்துக்கு மேல் நின்றது. பணி முடியாத நிலத்துக்கு எல்லை கிடையாது என்பது அதிகாரிக்குத் தெரியும். பெரிய கம்பெனிகள் அந்தக் கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டுத்தான் வருடா வருடம் கடலுக்குள் நீண்டுகொண்டிருந்தன. இந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. தையல் சட்டத்தின் பதினாலு பக்கத்தையும் படித்தவள்; அவளுக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. இயக்குநரும் படித்தவர்தான். அவர் எதற்கோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோசிச்சுச் சொல்றீங்களா?" என்றார் அதிகாரி.

"இதுல யோசிக்க என்னா இருக்கு?"

அவர் குனிந்து, கட்டத்துக்குள் பெரிய எழுத்தில், 'முடியவில்லை' என்று எழுதி, முத்திரை குத்தினார்.